உடையப்பன் பஞ்சு கடித்த படலம்

வாழிய உடையப்பன்! கண்மாய் உடைந்த நாளில் கரையின் குறுக்கே மல்லாந்து படுத்து வெள்ளத்தைத் தடுத்த மலைமார்பன். சந்தைக்கு வந்த முரட்டுக்காளையை ஒரே அதட்டலில் சாணி போட வைத்த இடிக்குரலோன். பொழுதுக்கொரு கவுளி வெற்றிலையைப் பொடிசெய்யும் பவளவாய்ப் பெருந்தகை. வல்லத்திராக்கோட்டை வயற்பரப்பை வாயாலேயே ஆண்ட வாகைவேந்தன்! இன்னவன் புகழைப் பாட ஆதிசேடனின் ஆயிரம் நாவும் போதா. ஆயினும் நாம் பாட வந்தது அவனுடைய வலப்பக்கக் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்றைத்தான்.

ஞானப்பல் என்று பேர்பெற்ற அப்பாதகப் பல், ஞானம் வரவேண்டிய வயதிலெல்லாம் ஈறுக்குள் உறங்கிக் கிடந்துவிட்டு, உலக யுத்தம் நடந்த ஓர் ஆவணியில், வீரனின் நாற்பத்திரண்டாம் வயதில், கோட்டைக்குள் சுரங்கம் தோண்டி வந்த பகைவன்போலக் குறுக்கே முளைத்து, அண்டைப் பல்லை முட்டி, காதுவரை வேலெறிந்தது. புதுக்கோட்டைக்குப் போய்ப் பிடுங்கிவிடுவதென்று அவன் சூளுரைத்தபோது தங்கை கண்ணாத்தாள் வழிமறித்தாள். அவள் மகள் செவந்திக்கு மூன்றாம் நாள் பரிசம். தாய்மாமன் தன் உரிமையை விட்டுச் சபையில் வாய்திறந்து 'குடுத்தேன்' என்றாலன்றித் தாம்பூலத் தட்டு மாறாது.

"வாயிதானண்ணே அன்னைக்கு வேணும்! இப்பப் போயி அதுல கை வைக்கணுமா?"

"பல்லுதான் போகும், என் சொல்லு போகாது தாயீ!" என்று முழங்கி, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறினான் வீரன்.

பாற்கடலை மந்தரமலை கடைந்ததுபோல டாக்டரின் குறடு அவன் வாயைக் கடைந்தது. அசுரப்பல் வேரோடு வந்தது. குருதி பெருகிய குழியில் கம்பவுண்டர் ஆத்மநாதன் ஒரு பஞ்சுருண்டையை அழுத்தி, "நல்லாக் கடிச்சுக்கிடுங்க. பேசக்கூடாது, எச்சி துப்பக்கூடாது, வெத்தலை ஆகவே ஆகாது, ஆறுன கஞ்சிதான். கன்னம் வீங்கும், பயப்படாதீங்க. அப்புறம் இந்தப் பஞ்சை..." என்று தொடங்குகையில் பஸ் ஆரன் அடித்தது. அனைத்துமறிந்த வீரன் அரசர்க்குரிய கையசைப்பால் அவரை அடக்கி எழுந்தான். ஆத்மநாதன் பின்னாலேயே ஓடி ஒரு சீட்டைத் திணித்தார். சாதாரண மனிதர்கள் சீட்டைப் படிப்பார்கள். வீரன் அதை மடியில் செருகிக்கொண்டான்.

அதன்பின் அவன் ஆற்றிய தவத்தை என்னென்பேன்! கடித்த பஞ்சை விடுத்தால் உடலின் குருதியெல்லாம் ஒழுகி உயிர் போகுமென்று துணிந்து, உண்ணும்போதும் கடித்தான், உறங்கும்போதும் கடித்தான், கஞ்சியை இடக்கடைவாய் வழியே ஓடைநீர்போல இறக்கினான், வெற்றிலைச் செல்லம் கண்ணெதிரே இருக்கக் கண்ணை மூடிக்கொண்டான். கன்னமோ முதல்நாள் எலுமிச்சை, மறுநாள் மாங்காய், மூன்றாம் நாள் பறங்கிப் பிஞ்சு.

அந்தப் பிஞ்சோடுதான் பரிசச் சபையில் வந்தமர்ந்தான். தட்டு மாறுமுன் வெற்றிலை போடுவது மாப்பிள்ளை வீட்டாரின் முகத்தில் துப்புவதற்குச் சமம் என்பது அந்தச் சீமையின் சட்டம். கறம்பக்குடிச் சம்பந்தி ரெங்கசாமியின் கழுகுக்கண் கன்னத்தில் விழுந்தது.

"என்னங்க இது? தட்டே மாறல, அதுக்குள்ள மாமனுக்கு வெத்தல கேக்குதா?"

"ம்ம்ம்!" என்றான் இடிக்குரலோன்.

"வாயி கொள்ளாம அதக்கிக்கிட்டு இல்லைன்னு தலையாட்டுறாரு பாரு!"

"முந்தாநாளு பல்லு புடுங்கியிருக்காகங்க!" என்று கதறினாள் கண்ணாத்தாள்.

"முந்தாநாளு புடுங்குன பல்லுக்கா இம்புட்டுக் கன்னம்? நெசம்னா வாயத் தொறந்து 'குடுத்தேன்'னு சொல்லட்டும். இல்லாட்டி வண்டியப் பூட்டுறோம்!"

வண்டிக்காரன் நுகத்தடியைத் தூக்கினான். கதவிடுக்கில் செவந்தியின் கண் நிறைந்தது. ஒருபுறம் உயிர், ஒருபுறம் மருமகள். ஐயகோ, எந்தக் காவியத் தலைவன் இத்தகைய நாற்சந்தியில் நின்றான்! உடையப்பன் குலதெய்வத்தை நினைத்தான்; நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டான்; சிங்கம் குகைவாய் திறந்ததுபோல வாயைத் திறந்தான்.

"குடுத்தேன்!"

சொல் சபையை அதிரவைத்தது. சொல்லுக்கு முன்னதாகவே பறந்த பஞ்சு, தாம்பூலத் தட்டில் வாழைப்பழத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே வீழ்ந்தது. முதல்வரிசையார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்வாங்கினர். உயிர் பிரியப்போகும் கணத்தை நோக்கிக் கண்மூடிக் காத்திருந்த வீரன், குருதி ஒரு சொட்டும் வராமை கண்டு வியந்து, தன் தியாகத்துக்குச் சாட்சியாக மடிச்சீட்டை உருவி ரெங்கசாமியிடம் நீட்டினான். அவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு சபையறிய உரக்கப் படித்தார்.

பஞ்சை அரை மணி நேரம் கடித்திருந்து எடுத்துப் போட்டுவிடவும் என்று அதில் எழுதியிருந்தது.