அருகதை இல்லாத நடுவர்

அவனியாபுரம்
தை மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள மாப்ள ஜெயபாண்டிக்கு,

உன் மச்சான் உக்கிரபாண்டி எழுதிக்கொள்வது. நானும் என் முழங்கால் வலியும் இங்கே சௌகரியம். உன் அக்கா தாமரைச்செல்வியும் சௌகரியம்தான். அவள் வாயால் சொல்லவில்லை, பாத்திரம் கழுவும் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். மேலூரில் உன் வீட்டார், வயல், மாடு கன்று யாவும் அழகர் புண்ணியத்தில் நன்றாயிருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் எங்கே நின்று போன் பேசினாலும் அடுப்படிக்குக் கேட்கும்.

நடந்தது இதுதான். பொங்கலுக்கு எங்கள் தெரு இளைஞர் மன்றம் கோலப்போட்டி வைத்தது. அவரவர் வாசலில் அவரவர் கோலம், நடுவர் நடந்துபோய்ப் பார்த்து மார்க் போடவேண்டும். மன்றத் தலைவன் செல்வக்குமார் வீடு தேடி வந்து, "பெரியப்பா, நீங்கதான் நடுவர். பஸ்ல டிக்கெட் எடுக்கலன்னு சொந்த மச்சினனவே திருமங்கலத்துல இறக்கிவிட்ட செக்கிங் இன்ஸ்பெக்டர விட்டா நியாயத்துக்கு வேற யாரு இருக்கா?" என்றான். நீ அன்றைக்கு இறங்கியது கப்பலூரில்தான். ஊர் வாய் அதைத் திருமங்கலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது, நானும் திருத்தவில்லை. கோலம் போடும்போது நடுவர் பார்க்கக்கூடாது என்று விடியுமுன்பே என்னை மன்றத்துக்குள் உட்கார வைத்து டீயாக வாங்கிக் கொடுத்தார்கள். எட்டு மணிக்கு வெளியே விட்டார்கள். தெரு முழுக்க மாடும் கரும்பும் பொங்கல் பானையுமாகக் கோலங்கள் கிடந்தன. மற்றதெல்லாம் சுமார். நம் வீட்டு வாசலில் ஒரு மயில், பக்கத்து வீட்டு முத்துமீனா வாசலில் ஒரு தாமரைக்குளம், இந்த இரண்டுக்கும்தான் போட்டி. முத்துமீனாவுக்கு நிறைமாதம். நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள் பாவம்.

மாப்ள, உண்மையைச் சொன்னால் மயில் ஒரு பிடி ஒசத்திதான். ஆனால் நடுவர் பெண்டாட்டிக்கு முதல் பரிசு என்றால் தெரு சும்மா இருக்குமா? மைக்கை வாங்கி, "வயித்துப் பிள்ளையோட இம்புட்டுப் பெரிய கோலம் போட்டிருக்கே இந்தப் புள்ள, இதுதான் முதல் பரிசு" என்று அறிவித்தேன். கைதட்டல் விமான நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும். முத்துமீனாவுக்குக் குக்கர், உன் அக்காவுக்குப் பிளாஸ்டிக் பக்கெட். பக்கெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் அதை என் சாய்வு நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு என்ன அருகதை இருக்கு?" அதோடு பேச்சு நின்றது. மறுநாள் பரண்மேல் இருந்த பெட்டி கீழே இறங்கியது. நாளைக் கழித்து மேலூருக்கு வருகிறாளாம், எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. எனக்கு வெந்நீர் வைக்கவே பாதிதான் தெரியும்.

அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. சிம்மக்கல் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியையே எடுத்து வைத்துக்கொண்டேன். பரிசுக்கும் மரியாதைக்கும் உரியவனாயிருப்பதுதான் அருகதை. வடக்கேயிருந்து வந்த சொல். சமணர் கும்பிடும் அருகனும் அதே வேரில் முளைத்தவர்தான். அதாவது நம் சமணமலையில் கல்லையே கட்டிலாக்கிப் படுத்து, வீடு வாசல் எதுவும் வேண்டாம் என்று இருந்தார்களே, அவர்கள் கும்பிட்ட ஆள். யோக்கியதையைப் பார்த்தேன், நுகத்தடியில் பூட்டத் தோதானது என்பதில் தொடங்குகிறதாம். அது எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே இருக்கிறது. லாயக்கு அரபு தேசத்திலிருந்து வந்திருக்கிறது. தகுதி ஒன்றுதான் நம்மூர்ச் சரக்கு. ஆனால் எங்கிருந்து வந்தாலும் நம் வீடுகளில் இந்த நாலும் 'இல்லை'யைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருகின்றன. உனக்கு அருகதை இருக்கிறது என்று யாரையாவது பார்த்து யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

பெரிய கண்டுபிடிப்பு செய்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து, அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் விளக்கினேன். எல்லாவற்றையும் துறந்தவருக்கே உரிய சொல், குடும்பஸ்தனைப் பார்த்துக் கேட்டது பிழை என்றேன். அவள் திரும்பாமலே, "அப்பச் சோத்தையும் துறந்துட்டு மலையில போயிப் படுங்க" என்றாள். பேசினாளே என்று அதிலும் ஒரு நிம்மதி. சோறும் போட்டாள், நெத்திலிக் குழம்பு.

ஆகையால் மாப்ள, பெட்டியோடு வந்தால் இரண்டு நாள் நன்றாகக் கவனித்து, "மச்சான் நியாயஸ்தர், சொந்தம் பார்க்காதவர், நானே கப்பலூரில் இறங்கினவன்" என்று எடுத்துச் சொல்லி பஸ் ஏற்றி அனுப்பு. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

இப்படிக்கு,
நடுநிலை தவறாத உன் மச்சான்,
உக்கிரபாண்டி

பி.கு: நேற்று உறையை ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில் உன் அக்கா கடிதத்தைப் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முத்துமீனாவால குனியவே முடியாது. அவ வாசல்லயும் நாந்தான் போட்டேன். குக்கர் போச்சுன்னா கோவிச்சேன்? முப்பது வருசமாத் தெனமும் என் கோலத்தத் தாண்டித்தான் வெளிய போறீக. வேற வாசல்ல பாத்தா என் கையி ஒங்களுக்கு அடையாளம் தெரியல. அதுக்குத்தான் அருகதை கேட்டேன்" என்றாள். ஆக, முதல் பரிசையும் இரண்டாம் பரிசையும் என் பெண்டாட்டிக்கே தூக்கிக் கொடுத்த நடுநிலைக்காரன் நான். செல்வக்குமாருக்கு மூச்சு விடாதே. மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. அவள் வரவில்லை. இன்று காலை அவளோடு எழுந்து வாசலில் உட்கார்ந்து, கோலம் போட்டு முடிக்கும்வரை பார்த்தேன். கோடு வளையும் இடத்தில் சுண்டுவிரலை லேசாகத் தூக்குகிறாள் மாப்ள. எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.