நடந்து காட்டுங்க

அது அறுபத்திரண்டாம் வருஷமா, அறுபத்து மூன்றா என்பதில் சந்தேகம் இருக்கிறது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில், பெரிய வீட்டுப் பஞ்சாட்சரத்தின் நெற்களத்தில், டாக்டர் கனகா தட்டில் துணிநீலம் கரைத்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து நின்றதில் சந்தேகமில்லை.

நாற்று நடும் பெண்களுக்குப் பிள்ளை பெற்ற பிறகு இடுப்பு ஏன் விட்டுப்போகிறது, அதற்கும் அவர்கள் பாதம் ஊன்றும் விதத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது அவள் ஆராய்ச்சி. நீலத்தில் காலை நனைத்துக் காகிதத்தின்மேல் நடந்தால் போதும். சாயந்திரத்துக்குள் இருபது பேருடைய நடை வேண்டும். இல்லாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு வார்டுக்கே திரும்பு என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஒவ்வொருத்தரா நடந்து காட்டுங்க" என்றாள் கனகா.

களத்தில் கூடியிருந்த பெண்களில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்கு ஓடினார்கள்.

அரை மணியில் மகள்களோடு திரும்பினார்கள். தலை நிறையப் பூ, புதுத் தாவணி. அந்தப் பெண்கள் தரையைப் பார்த்தபடி, எறும்புக்கும் நோகாமல் நடந்தார்கள்.

"வயலுக்கு இப்படியா நடப்பீங்க?"

"வயலுக்கா? எம்பொண்ணு வாசப்படி தாண்டாதும்மா" என்றாள் முனியம்மாள். "மாப்ள இன்னா உத்தியோகம்?"

கனகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெண் பார்க்க வருகிறவர்கள், பெண் நொண்டியில்லையே என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிற வார்த்தை அல்லவா 'நடந்து காட்டுங்க'!

"கல்யாணம் ஆனவங்க மட்டும் வாங்க" என்று மாற்றிச் சொன்னாள்.

எல்லப்பன் துண்டை உதறிக்கொண்டு வந்தான். "எம் பொண்டாட்டிய இன்னாத்துக்கு நடக்கச் சொல்றே? எவனுக்கு ரெண்டாந்தாரம்?"

"ஐயோ, இடுப்பு வலி இருக்கறவங்கதான் வேணும்!"

அந்த நொடியே ஊரில் ஒருத்திக்கும் இடுப்பு வலி இல்லாமல் போயிற்று. காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த சிட்டம்மாள்கூட நிமிர்ந்து நின்றாள். "எனக்கு ரெண்டு பொண்ணு கீதும்மா. தாய்க்கு நோவுன்னா மவள எவன் கட்டுவான்?"

எதைச் சொன்னாலும் கல்யாணத்தில் போய் முடிகிறதே! கனகா பேச்சை விட்டாள். செருப்பைக் கழற்றி, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, தானே நீலத்தில் மிதித்து நடந்தாள்.

"இவ்வளவுதான். பாருங்க."

யாரும் அசையவில்லை. பஞ்சாட்சரத்தின் மனைவி செல்லம்மாள் மட்டும் தன் மகன் கிருஷ்ணசாமியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி நடம்மா. சரியா தெரியல. ஆமா, உங்க நைனா இன்னா பண்றாரு?"

"வாத்தியாருங்க."

கற்றுக்கொள்ள ஒருத்தியாவது இருக்கிறாளே என்று கனகா ஏழு தடவை நடந்தாள்.

பெரிய டாக்டர் சொன்னபடியே அவளை வார்டுக்கு அனுப்பினார். முனியம்மாளின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நடந்தது. சிட்டம்மாள் இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுக்கும்வரை வலியை வெளியே சொல்லவில்லை. அதெல்லாம் பிற்பாடு. அன்று சாயந்திரம், செல்லம்மாள் வீட்டுக் கூலிக்காரி காகிதச் சுருளை பஸ்வரை தூக்கி வந்து, அதைக் கனகாவின் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"மனசுல வச்சிக்காதம்மா. பெரிய வூட்டம்மாவுக்கு உன்ன ரொம்ப புட்ச்சிருந்துது. எடது குதிகாலு பூமியில படலியாம், நாலு புள்ள பெத்தா இடுப்பு வுட்டுடும்னுதான் புள்ளைக்கு வேணான்ட்டாங்க."