கரிநாளில் வாசித்த மூன்றாமவர்

மரக்காணம் உப்பளத்துக்குப் பியானோ கொண்டுவந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். இரண்டாவது ஆளுக்கு மூளை இருந்திருக்கும். ஆணியை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் துருப்பிடிக்கும் காற்று எங்களுடையது. அங்கே, உள்ளே முழுக்கக் கம்பியாக இருக்கும் வாத்தியத்தைக் கம்பளி போர்த்தி, பிரசவத்துக்கு வந்தவளைப் போல லாரியிலிருந்து இறக்கினார். உப்பளத்துப் பெண்கள் ‘பொட்டிக்காரர்’ என்று பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்தது.

2006 தை மாதம். உப்புக் கம்பெனியொன்றில் மேனேஜர் என்ற பெயரில் நான் மின்விசிறிக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் காலிக் கிடங்கில் அவர் ஜாஸ் ஆல்பம் பதிவு செய்ய வந்தார். ஜாஸ் பற்றி நான் மூன்று புத்தகம் படித்திருந்தேன். கேட்டதுதான் கிடையாது.

“பாதி, ஜாஸ் வாசிக்கிறவன் எவனும் தப்பிக்க முடியாத பழைய பாட்டுங்க. பாதி எங்க சொந்தச் சரக்கு. மூணு பேரு வாசிக்கிறோம்” என்றார்.

அவரும் டிரம்ஸ்காரரும்தான் நின்றார்கள்.

“மூணாவது ஆளு எங்க சார்?”

“செத்துட்டான்” என்றார், டீ குடிக்கப் போயிருக்கிறான் என்பதுபோல.

மூன்றாமவர் பக்கத்து ஊரான அனுமந்தைக்காரர். பேஸ் வாசித்தவர், வயலினுக்குப் பெரியப்பா மாதிரி ஆள் உயரத்தில் நிற்குமே, அந்த வாத்தியம். எங்கள் ஊர் உப்புக் கிடங்கில்தான் ஆல்பம் பதிவாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவரை 2004இல் மஞ்சள்காமாலை கொண்டுபோய்விட்டது.

பாட்டில் மூன்றாமவர் தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்தால் பொட்டிக்காரர் கையை மடியில் வைத்துக்கொள்வார். டிரம்ஸும் நிற்கும். காலி மூலையைப் பார்த்துத் தலையாட்டுவார். “ஆங்... அப்படிப் போடு!” என்பார். பிறகு சரியான இடத்தில் இருவரும் சேர்ந்துகொள்வார்கள்.

டீ கொண்டுவரும் அஞ்சலை, மற்ற நேரத்தில் உப்புப் பாத்தியில் வேலை செய்பவள், என்னிடம் முறையிட்டாள். “மூலையப் பாத்து சிரிக்கிறாரு சார். இனிமே வாசல்லயே வெச்சிட்டுப் போறேன்.”

ஒலிப்பதிவு செய்தவன் சென்னைப் பையன். அவனுக்குப் பேய் பயமில்லை, மார்க்கெட் பயம். “நடுவுல ஓட்டையோட எவன் சார் வாங்குவான்? வேற ஒருத்தர வாசிக்க வெச்சி ரொப்பிடறேன்.”

“அது அவன் எடம்பா” என்றார் பொட்டிக்காரர்.

பொங்கலை ஒட்டிய கரிநாளன்று அந்த இடைவெளி உள்ள பாட்டைக் கடைசியாகப் பதிவு செய்தார்கள். அன்று யாரும் பாத்தியில் கால் வைக்க மாட்டார்கள். வைத்தால் வருஷம் முழுக்க உப்பு விளையாது என்பார்கள். லாரி இல்லை, பம்ப் இல்லை, ஆள் இல்லை. உச்சி வெயிலில் பாத்தித் தண்ணீர் அசையாமல் வானத்தைப் பார்த்துக் கிடந்தது. நானும் கிடங்கில் இருந்தேன். இடைவெளி வந்தது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மறுநாள் பையன் ஓடிவந்து ஹெட்போனை என் தலையில் மாட்டினான். இடைவெளியில், ரொம்ப ஆழத்திலிருந்து, தும்... தும்தும்... தும். பாட்டின் தாளத்தை விடாமல். எனக்கு முதுகில் ஈரத்துணி ஒட்டியதுபோல இருந்தது.

பொட்டிக்காரர் வாங்கிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார். “எப்பவும் போல லேட்டா நுழையறான் பாரு” என்றார்.

“என்னன்னே தெரியாத சத்தத்த நான் வெக்க மாட்டேன் சார். அழிச்சிடறேன்” என்றான் பையன். பொத்தானுக்குப் போன விரல் நின்றது. “ஒருவேளை, பாத்தி மிதிக்கிற சத்தமா?”

தை பிறந்தால் சேற்றுத் தரையை மிதித்து இறுக்குவார்கள். அதை எங்கோ பார்த்திருக்கிறான். கரிநாளில் மிதிக்க மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. வாசலில் டீயோடு நின்ற அஞ்சலையைக் கேட்டான். “நேத்து நீங்க பாத்தி மிதிச்சீங்களாம்மா?”

அஞ்சலை பொட்டிக்காரர் முகத்தைப் பார்த்தாள். காலி மூலையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

“ஆமாம்பா. நாங்கதான் மிதிச்சோம்.”

“அப்ப சரி. மண்ணு சத்தம். இருந்துட்டுப் போவட்டும்.”

அவன் போனதும் கேட்டேன்: “ஏம்மா, கரிநாள்ல மிதிச்சியா?”

“வாய வெச்சிக்கினு சும்மா இருங்க சார். அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தீங்களா?”

ஆல்பம் வந்தது; அதிகம் விற்றதாகத் தெரியவில்லை. அந்தத் தும்தும்முக்கு எனக்கு இன்றும் பயம்தான். ஆனால் அதற்குப் பின்னால், மைக்கில் விழுவது தெரியாமல் பொட்டிக்காரர் சன்னமாகச் சிரிப்பது கேட்கும். அதைக் கேட்கத்தான் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.