வெண்கட்டியரின் எட்டடி விறாந்தை

கொழும்பு மாநகரத்தில் அயலவர்களை வெண்கட்டியர் அளவுக்கு வெறுத்தவர் எவரும் இல்லை; அதே அயலவர்களுக்காக அவர் அளவுக்குச் சண்டை பிடித்தவரும் இல்லை. இரண்டையும் ஒரே நாளில், சிலவேளை ஒரே மணித்தியாலத்தில் செய்வார்.

வெள்ளவத்தையில் கட்டடப் படம் வரையும் கந்தோர் ஒன்றில் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேசை. நான் கம்பியூட்டரில் வரைவேன். அவர் அதைத் தொடவும் மாட்டார். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு வெண்கட்டி இருக்கும். யாராவது அறை அளவைப் பற்றிக் கதைத்தால், உடனே குந்தியிருந்து தரையில் கீறிக் காட்டுவார். ஒருமுறை சைவக்கடையில் மேசைகள் நெருக்கமாகக் கிடக்கின்றன என்று தரை முழுக்கக் கோடு போட்டுவிட்டார். முதலாளி கத்தக் கத்த, தோசை கொண்டுவந்தவர் கோட்டை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அவர் குடியிருந்தது ஐந்தாம் மாடியில். லிஃப்டில் ஆள் நின்றால் ஏறமாட்டார். "ஏறினா, சாப்பிட்டாச்சோ எண்டு கேப்பினம். நான் சாப்பிட்டா என்ன, விட்டா என்ன, அவைக்கென்ன?" என்று மூச்சு வாங்க வாங்கப் படியேறுவார். ஒரு தீபாவளிக்குக் கதவைத் தட்டியபோது, "வீட்டில ஒருத்தரும் இல்லை!" என்று உள்ளேயிருந்து அவரே குரல் கொடுத்தார். பலகாரத் தட்டோடு வெளியே நின்றவன் நான்.

இந்த மனுஷன்தான் மலிவு வீட்டுத் திட்டம் எது வந்தாலும் வாசல்களுக்கு முன்னால் எட்டடி அகலத்தில் ஒரு பொது விறாந்தை வரைவார். சனம் அதில் கதிரை போட்டு இருக்க வேண்டுமாம், வெங்காயம் உரிக்க வேண்டுமாம், ஊர்வம்பு கதைக்க வேண்டுமாம். எங்கள் பொஸ் சிவப்புப் பேனாவை எடுத்து அதை ஐந்தடி ஆக்குவார். இருபது வருடமாக இதுதான் நடந்தது.

அவர் ஓய்வு பெறுகிற வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வேலை வந்தது. கொழும்பில் தோட்டம் என்றால் பூவும் காயும் இராது. ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றி நெருக்கியடித்த வீடுகள்தான். அப்படி ஒரு தோட்டத்தின் இருபத்திநாலு குடும்பங்களுக்குப் பக்கத்து வளவிலேயே நாலு மாடி கட்ட வேண்டும். வெண்கட்டியர் எட்டடி போட்டார். பொஸ் பேனாவை எடுத்தார்.

"அண்ணை, அந்த மூண்டடி எங்கயிருந்து வருது? ஒவ்வொரு வீட்டின்ர முன்னறையிலயிருந்தும்தானே? இருக்கிறதே நுளம்பு நுழையவும் இடமில்லாத வீடு. அதிலயும் வெட்டினா சனம் என்னைத்தான் வெட்டும்."

"சனத்தைக் கேப்பம்."

"கேளுங்கோ. அவை ஓம் எண்டா எனக்கு ஓம்."

கேட்டோம். ஒருவரும் ஓம் சொல்லவில்லை. "எங்கட வீட்டில மூண்டடிய வெட்டி ஒழுங்கைக்குக் குடுக்கிறதோ? உங்களுக்கு விசரோ?" என்று கேட்டவரை வெண்கட்டியர் கோபிக்கவில்லை. கடைக்குப் போய் நாலு பெட்டி வெண்கட்டி வாங்கினார்.

அந்த வளவில் பழைய களஞ்சியம் ஒன்றை இடித்த சீமெந்துத் தரை இருந்தது. ஞாயிறு விடியமுன் அதில் ஒரு மாடியை முழு அளவில் கீறிவிட்டார்: ஆறு வீடு, ஆறு வாசல், முன்னால் ஐந்தடி விறாந்தை. "மத்தியானம் வரைக்கும் இதுக்குள்ள இருங்கோ. பிறகு எட்டடி கீறுறன். பின்னேரம் சொல்லுங்கோ."

சனத்துக்குப் பகிடிதான். ஆனாலும் ஆறு குடும்பம் பாய், கதிரை, அடுப்போடு வந்து குடியேறியது. கோட்டைத் தாண்டியவர்கள் பாடு பெரும்பாடு. "தம்பி, சுவருக்குள்ளால நடக்கிறீர்! வாசலால வாரும்!"

பத்து மணிக்குள் விறாந்தை அடைபட்டது. இருவர் வெங்காயத்தோடு குந்த, காஸ் சிலிண்டர் சுமந்து வந்தவர் எதிரே வர, நடுவில், தோட்டத்துச் சனம் ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ரமீஸாவின் கணவர் சக்கர நாற்காலியில் மாட்டிக்கொண்டார். அவருக்குப் பாரிசவாதம். கடைசியில் எல்லோரும் தத்தமது வீட்டுக்குள் போனார்கள். கோட்டு வீட்டுக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்கள். தோட்டம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மத்தியானம் வெண்கட்டியர் கோட்டை அழித்து மூன்றடி உள்ளே தள்ளிக் கீறினார். கதிரைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நாலு மணிக்கு ராத்தா எழும்பிப் பேசினார்.

"நான் சாமான் வாங்கப் போற நேரம் இவரப் பாத்துக்கிறது பக்கத்து வூட்டு மேரிதான். காலைல இவர் உள்ளுக்கு இரிந்தாரு. சுவர் கட்டினா, விழுந்தாலும் மேரிக்குத் தெரியாது. இப்ப வெளில இரிக்காரு, மேரி ஊட்டுலேந்தே கண்ணுக்குத் தெரியுது. என்ட ஊட்டுல மூணடிய எடுத்துக்கோங்க."

"என்ரயிலயும் எடுங்கோ," என்றார் மேரி அக்கா. பிறகு மற்றவர்களும்.

அப்போதுதான் பொஸ் வந்தார். வந்த அவசரத்தில் நேரே வெண்கட்டியரை நோக்கி நடந்தார். நாற்பது தொண்டைகள் ஒன்றாகக் கத்தின: "சேர், சுவர்!" பொஸ் திடுக்கிட்டுப் பின்வாங்கி, சுற்றிப் போய், வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஆள் குந்தாட்டி அஞ்சடி காணும்தானே அண்ணை?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆள் குந்தாத இடமெண்டா கனத்தையில கட்டும். அங்க எல்லாரும் படுத்துத்தான் இருக்கினம்."

கனத்தை கொழும்பின் பெரிய மயானம். பொஸ் சிரித்துவிட்டார். எட்டடி நிலைத்தது. அன்றிரவு பெய்த மழையில் கோடெல்லாம் கரைந்துபோனது. என்றாலும் அத்திவாரம் வெட்டும் வரை அந்தத் தரையில் ஒருவரும் சுவருக்குள்ளால் நடக்கவில்லை.

கட்டி முடிந்ததும் ஒரு குடும்பம் இத்தாலிக்குப் போனது. அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பார்க்கப் போனேன். அரை மணித்தியாலம் முறைப்பாடு. "விடிய அஞ்சு மணிக்கு ரேடியோ. ஏழு மணிக்கு, சாப்பிட்டீங்களோ. மனுசன் இருப்பானோ இஞ்ச?" வாசலுக்கு முன்னால் வெண்கட்டியால் ஒரு கோடு. அதைத் தாண்டி ஒருவரும் வரக்கூடாதாம். தினமும் கால் பட்டு அழியுமாம். தினமும் கீறுவாராம்.

புறப்படும்போது ராத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். "வந்த புதுசுல அந்தக் கோடு என்ட வாசல் வரைக்கும் இரிந்திச்சி. இப்ப பாத்தீங்களா?" பார்த்தேன். வெண்கட்டியரின் நிலைப்படியிலிருந்து ஒரு சாண்தான்.

போன மாதம் மறுபடி போனபோது கோட்டையே காணவில்லை. ஆளுக்கு என்னவும் ஆச்சோ என்று ஓடினேன். கதவைத் தட்டினேன். தட்ட வேண்டியிருக்கவில்லை, அது திறந்துதான் கிடந்தது. உள்ளே சக்கர நாற்காலிக்காரரோடு டாம் காய் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணை கோடு?"

"வெண்கட்டி முடிஞ்சுபோச்சு," என்றார், தலை நிமிராமல்.

மேசையில் உடைக்காத வெண்கட்டிப் பெட்டி ஒன்று இருந்தது. நான் அதைக் காணாதவன் போல ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்குக் கொஞ்சம் கூடவே பிடித்தது.