பச்சை கவுனின் வயது

நடிகர் டெஸ்மண்ட் கத்தரிக்கோலை எடுத்து, அந்தப் பச்சைப் பட்டு கவுனைக் கழுத்திலிருந்து காலடிவரை ஒரே டேக்கில் வெட்டித் தள்ளியதும் தளமே கைதட்டியது. உடைப் பிரிவு மேவிஸும் கைதட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். அவர் கையிலிருந்த துண்டின் லேபிளில் ‘ஏழு’ என்று மையால் எழுதியிருந்தது.

வெட்ட வேண்டியது நகலை. நகலின் லேபிளில் எண்ணே கிடையாது.

எழுபதுகளில் நியூயார்க்கையே தன் கவுன்களால் கிறங்கடித்து, எண்பதுகளில் குடித்துக் கெட்ட ஒரு டிசைனரின் கதை அந்தத் தொடர். தன்னைத் தூக்கிவிட்ட கவுனைத் தானே வெட்டுகிற காட்சியோடு அவன் வீழ்ச்சி முடிகிறது. எழுச்சிக் காட்சியில் அருகில் வைத்துப் படம்பிடிக்க, பார்க் அவென்யூவிலிருந்து மிஸஸ் ஹார்ட்விக் அசல் கவுனையே இரவல் தந்திருந்தார். விடுதியில் விட்ட பிள்ளையை விசாரிப்பதுபோல் தினமும் போன் செய்வார். மாலை நான்கு மணிக்கு அவருடைய டிரைவர் வந்து கவுனை எடுத்துப் போவதாக ஏற்பாடு. வாங்கும்போது கையெழுத்துப் போட்டவள் மேவிஸ்.

குவீன்ஸிலுள்ள அந்த ஸ்டூடியோவில் அவளுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. புதுத் துணியைப் பழசாக்குவது. சீஸ் துருவியால் தேய்ப்பாள், உப்புத்தாளால் உரசுவாள், டீயில் ஊறவைப்பாள். நேற்று கவுன்கள் இரண்டையும் நீராவியில் நீவிவிட்டு உறை மாட்டும்போது, பார்க்க எது பழசோ அதுதான் அசல் என்று அசலுக்குரிய வெள்ளை உறைக்குள் போட்டாள். தன் கைவேலையிடம் தானே ஏமாந்துபோனாள்.

“அசலைவிட உன் நகல் கிழடா இருக்கேம்மா,” என்றார் தையல்காரர் ஒட்டாவியோ, கவுன் வந்தபோது எடுத்த போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து.

“பணக்காரங்க வீட்டுத் துணிக்கு வயசே ஆகாது ஒட்டாவியோ. பெட்டியைத் திறந்தப்போ காபி வாசம் வந்துச்சு, ஞாபகமிருக்கா? அங்கெல்லாம் துணிகூட நல்ல காபிதான் குடிக்கும்போல.”

“சரி தாயே. இப்ப என்ன பண்ணப் போறே?”

“இதை இளமையாக்கப் போறேன்.”

வேலை போய்விடும் என்ற பயத்தைவிட, ‘மேவிஸா இப்படிச் செய்தாள்?’ என்று ஊர் கேட்குமே என்ற வெட்கம்தான் அவளை உலுக்கியது.

சோப்பு போட்டு அலசினாள். இருபத்திரண்டு வருட அனுபவமும் தண்ணீரோடு போய், கவுன் கடைக் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மையின் கவுனாக மின்னியது. உப்புத்தாளால் லேசாகத்தான் தேய்த்தாள், முழங்கையில் ஓட்டை விழுந்தது. ஒட்டாவியோ திட்டிக்கொண்டே அதை இழையோட்டித் தைத்தார். கேன்டீனிலிருந்து நாற்பது டீப் பைகளைக் கேட்டு வாங்கி வந்து வாளியில் முக்கினாள். ஒரு தோள் மட்டும் கருத்தது. அதைச் சரிசெய்ய மற்றதெல்லாம் கருக்கும்வரை ஊறவைத்தாள்.

நிறம் எப்படியோ போட்டோவோடு ஒத்துப்போயிற்று. ஆனால் கவுன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மணி மூன்று.

ஒப்பனை அறையிலிருந்து முடி உலர்த்தும் கருவிகள் நான்கைத் தூக்கி வந்து ஒரே இணைப்பில் செருகினாள். ஃபியூஸ் போயிற்று. தளம் முழுக்க இருட்டு. ஒரு புருவம் மட்டும் வரைந்த நிலையில் கதாநாயகி வெளியே வந்து, யார் இந்தக் காரியம் செய்தது என்று விசாரித்தாள். கையில் உலர்த்தியோடு மேவிஸும் விசாரித்தாள். மின்சாரம் வந்ததும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காயவைத்தாள்.

அடுத்தது லேபிள். வெட்டிய துண்டுகளில் அதை மட்டும் காணோம். டெஸ்மண்ட் அதை நினைவுப்பொருளாகத் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என் வாழ்க்கையிலேயே நல்ல டேக் மேவிஸ். தரமாட்டேன்.”

அவருடைய கால்சட்டை இடுப்பை, தயாரிப்பாளர் காதுக்குப் போகாமல், இரண்டு அங்குலம் பெரிதாக்கித் தருவதாக அவள் மெதுவாகச் சொன்னாள். லேபிள் உடனே கைக்கு வந்தது. கடைசித் தையலின் நூலை ஒட்டாவியோ பல்லால் கடித்தபோது கதவு தட்டப்பட்டது.

மிஸஸ் ஹார்ட்விக்கின் டிரைவர் நரைத்த தலையும் வெள்ளைக் கையுறையுமாக நின்றார். எம்மெட் என்று பெயர். உறையைத் திறந்தார். போட்டோவோடு ஒப்பிட்டார். பொத்தான்களை எண்ணினார். லேபிளில் ஏழு இருக்கிறதா என்று பார்த்தார். ஒட்டாவியோ ஏதோ ஒரு புனிதரை முணுமுணுப்பாக அழைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரி என்று எம்மெட் தலையாட்டினார். பிறகு குனிந்து, கவுனின் கழுத்தருகே முகர்ந்தார். நெற்றி சுருங்கியது. மறுபடி முகர்ந்தார்.

மேவிஸுக்கு இனி பொய் சொல்லத் தெம்பில்லை.

“உட்காருங்க,” என்றாள். “எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

எம்மெட் உட்காரவில்லை. தாழ்வாரத்தில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்து, கதவை மெல்லச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இது டீ வாசம் மேடம். போன ஏப்ரல்ல எங்க ஹார்ட்விக் அம்மாவும் நானும் நகலுக்குப் போட்டது காபி.”