4113-ஆம் புத்தகம்

ஹனிபா தன் பெயரைத் தட்டி முடித்ததும் திரை பச்சை எழுத்தில் பதில் சொன்னது: 'புதிய புத்தகம் சேர்க்கப்பட்டது. எண் 4113. தலைப்பு: ஹனிபா.'

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். அப்படியேதான் இருந்தது.

காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்து நூலகத்தில் ஹனிபா உதவியாளர். முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணமாகவில்லை. எழுபத்தொன்பதில் அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. சென்னை என்ஜினீயர் சத்தியமூர்த்தி ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். முதல் திரையில் தன் பெயர், இரண்டாவதில் செய்ய வேண்டிய வேலையின் எண், மூன்றாவதில் புத்தகத்தின் பெயர். ஹனிபா முதல் திரைக்கான பதிலை மூன்றாவதில் கொடுத்திருந்தார்.

"நீக்குறதுக்கு நாலு," என்று நோட்டைப் பார்த்து முணுமுணுத்தார். விரல் மூன்றாம் எண் பொத்தானில் விழுந்தது. வந்தது இரவல் கொடுக்கிற திரை. 'உறுப்பினர் எண்?' என்று கேட்டது.

ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்தால்தான் விடும் போலிருந்தது. அவசரத்தில் ஒரே எண்தான் ஞாபகம் வந்தது. இருபத்தேழு.

'ஹனிபா. பெற்றுக்கொண்டவர்: லத்தீபா, தட்டச்சுப் பிரிவு. பதினான்கு நாளில் திருப்பித் தரவும்.'

லத்தீபா வாரம் ஒரு நாவல் எடுத்துப் போகிறவள். மூன்று வருஷத்தில் அவர் அவளிடம் பேசியதெல்லாம், "இங்க ஒரு கையெழுத்து" மட்டுமே. அவள் அண்ணன் அப்துல் ஹலீமும் அங்கேதான், ஸ்டோரில் வேலை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ஹனிபா சென்னைக்கு டிரங்க் கால் போட்டார். முக்கால் மணி நேரம் கழித்து சத்தியமூர்த்தி கிடைத்தார்.

"சார், நான் புத்தகமாயிட்டேன்."

"என்னது?"

"இரவலாவும் போயிட்டேன் சார்."

"பதறாதீங்க. ரெண்டாவது திரைக்குப் போய்..." லைன் கரகரத்தது. "...அழுத்துங்க. எல்லாம் போயிடும்."

"அஞ்சா சார், ஒம்பதா?"

லைன் அறுந்துவிட்டது. ஹனிபா யோசித்து ஒன்பதை அழுத்தினார்.

அடுத்த அறையில் அச்சு இயந்திரம் தடதடத்தது. யாரிடம் என்ன புத்தகம் இருக்கிறது என்று ஆளுக்கொரு சீட்டு. கூப்பிட்டால் அரை மணி கழித்து வருகிற பியூன் கருத்தையா, அன்றைக்கென்று உடனே வந்து சீட்டையெல்லாம் கிழித்து எடுத்துப் போய்விட்டார்.

ஹனிபா அவரைத் தாழ்வாரத்தில் பிடித்தார். "தட்டச்சுப் பிரிவுச் சீட்டு எங்கண்ணே?"

"அங்குட்டுத்தான் மொதல்ல போனேன். குடுத்தாச்சு."

மூன்று மணிக்கு அப்துல் ஹலீம் நூலகத்துக்கு வந்தார். கையில் அந்தச் சீட்டு.

"அண்ணே, மெஷின் பழகாம நடந்த தப்பு. எழுதியே மன்னிப்புக் கேட்டுர்றேன்."

"இங்க முந்நூறு பேருக்கு நம்பர் இருக்கு. என் நம்பர் என்ன, சொல்லுங்க."

ஹனிபாவுக்குத் தெரியவில்லை.

"டைரக்டர் நம்பர்?"

அதுவும் தெரியவில்லை.

"தங்கச்சி நம்பர் மட்டும் எப்படி மனப்பாடமா வச்சிருக்கீக?"

ஹனிபாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மூணு வருஷமா மனசுல இருக்குண்ணே. கேக்கத்தான் பயம்."

ஹலீம் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"லத்தீபா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னுச்சு. திருப்பித் தர்ற தேதிய மட்டும் அழிச்சுற முடியுமான்னு."