காற்றுப்பெட்டிக் காருக்கு நான் பார்த்த வைத்தியம்

தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருபத்தைந்து வயதுவரை கிடையாது. அதற்குப் பிறகாவது வந்ததா என்று கேட்டால், என் மனைவியை வைத்துக்கொண்டு பதில் சொல்ல விருப்பமில்லை. அந்தப் பழக்கம் இல்லாத ஒருவன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு, சேந்தமங்கலத்தில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நான் கழித்த நான்கு நாட்களே சாட்சி.

எழுபதுகளின் கடைசி. நாமக்கல்லில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். டிப்ளமா படித்தவன் என்பதால் மற்ற மெக்கானிக்குகள் என்னை 'இஞ்சினியர்' என்று கூப்பிடுவார்கள். (மரியாதைக்கு அல்ல. போல்ட் கழலாதபோது மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.) நான் தொட்ட எஞ்சின் அத்தனையும் டீசல். பெட்ரோல் காரில் இரண்டே முறை ஏறியிருக்கிறேன். இரண்டும் அடுத்தவன் கல்யாணம்.

வெண்ணந்தூரிலிருந்த என் அப்பா எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கி, சேந்தமங்கலத்தில் பெரியசாமி மாமா வீட்டுக்கு அழைத்துப் போனார். தூரத்து உறவில் மாமா முறை. பெண் பெயர் வசந்தா. காபித் தட்டை வைத்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் போவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நின்று, என் கை நகங்களில் இருந்த கிரீஸைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். நான் ஒன்றைத் தீர்மானித்தால் அப்புறம் என் பேச்சை நானே கேட்க மாட்டேன்.

அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. மாமாவின் கார். ஏற்காட்டில் காபித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் வாங்கியது. அந்தத் துரைக்கு வேகப் பைத்தியம். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டியை வைத்து, பெல்ட் போட்டுச் சுற்றவிட்டு, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற மாதிரி செய்திருந்தான். சூப்பர்சார்ஜர் என்று அதற்குப் பெயர். மாமா வீட்டில் காற்றுப்பெட்டி. நன்றாக இருந்த காலத்தில் அந்த வண்டி கொல்லிமலை அடிவாரத்து மேட்டில் ஏறுவதைப் பார்த்தால் லாரிக்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்களாம். இப்போது நின்ற இடத்தில் நிற்க முடியாமல், காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

"நாலு மாசமா இப்பிடித்தானுங் தம்பி," என்றார் மாமா. "மிஸ் அடிக்குது. ஐடிலிங்ல நிக்கவே மாட்டேங்குது. சேலத்துல ரெண்டு பேரு பாத்துட்டுக் கைய விரிச்சுட்டாங்க."

வாயை மூடிக்கொண்டு முறுக்கைத் தின்றிருக்கலாம். "நான் சரி பண்ணித் தாரேனுங் மாமா," என்றேன். "வெள்ளிக்கெழமைக்குள்ள."

அப்பா என் தொடையைக் கிள்ளினார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"அப்பிடீங்களா. வெள்ளிக்கெழமதான் உங்க ஊடு பாக்க வாரதா இருக்கறோம். அந்த வண்டிலயே வந்தர்றோம். வந்து, கை நனைச்சுட்டே முடிவச் சொல்லிர்றோம்."

மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதுவரை பெண் வீட்டார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

"வண்டி வல்லீன்னா?" என்று அப்பா கேட்டார். (என் அப்பாவுக்கு இந்த மாதிரிக் கேள்விகள் மட்டும் சரியான நேரத்தில் வரும்.)

"திருச்செங்கோட்டுல போர் போடற ரிக்கு வண்டி வெச்சிருக்கற பையன் ஒருத்தன் பொண்ணு கேட்டுட்டே இருக்கறான். அவங்க வண்டி நல்லாத்தான் ஓடுது," என்றார் மாமா.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பானெட்டைத் திறந்ததும் எனக்குப் பாதி புரியவில்லை. காற்றுப்பெட்டி முழுதாகவே புரியவில்லை. அதனால் அதைத் தொடாமல், நாலு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்கலாம் என்று இறங்கினேன். டீசல் லாரியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்திப் பார்ப்போம். எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். இதில் குழாய்க்குப் பதில் ஒயர் இருந்தது. ஓடுகிற எஞ்சினில் வெறுங்கையால் ஒயரைப் பிடுங்கினேன்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, பக்கத்துக் கொட்டகை எருமையின் வயிற்றில் சாய்ந்து நான் நின்றதுதான். பெட்ரோல் எஞ்சின் ஒயரில் அத்தனை கரண்ட் ஓடும் என்று டிப்ளமாவில் படித்திருந்தேன். படித்ததைக் கை நம்பவில்லை. வாசற்படியில் வசந்தா நின்றிருந்தாள். சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எருமையைத்தான் முதலில் தடவிக் கொடுத்தாள்.

விடவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிடுங்கினேன். மூன்றாவது சிலிண்டர்தான் குற்றவாளி. அதன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது. சேலத்துக்காரர்கள் காற்றுப்பெட்டியைப் பார்த்து மிரண்டுபோய் இதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். சுரண்டி, இடைவெளியைச் சரிசெய்து மாட்டினேன். சாயங்காலம் நாலு மணிக்கு எஞ்சின் பட்டாக ஓடியது. பானெட் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை.

அப்படியே சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஆனால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம். எஞ்சின் வேலை முடிந்தால், குளித்துவிட்டு வந்து, எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டித்தான் வண்டியை ஒப்படைப்போம். "நாளைக்குக் காத்தால பூச போட்டுக் கையில குடுத்தர்றனுங் மாமா," என்றேன். மாமாவுக்கு என் மேல் மரியாதை வந்ததைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே அத்தை, "பையன் பக்தியான பையன்தான்," என்று சொன்னது வெளியே கேட்டது.

புதன்கிழமை காலை மாமா, அத்தை, அக்கம்பக்கத்தார் எல்லாரும் சுற்றி நின்றார்கள். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, எஞ்சினில் எங்கே வைப்பது என்று பார்த்தேன். மேலே உருண்டையாக, கறுப்பாக, தலைபோல ஒன்று இருந்தது. ஐந்து ஒயர்கள் அதிலிருந்துதான் போயின. கரண்ட்டை நாலு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி அது. பொட்டு வைக்க அதைவிட அம்சமான நெற்றி ஏது. தாராளமாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, ஸ்டார்ட் பண்ணினேன்.

பட். பட் பட். நடுக்கம். பிறகு நின்றுவிட்டது.

"நேத்து நல்லாத்தான இருந்துச்சு," என்றார் மாமா.

இங்கேதான் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "கொல்லிமலப் பனிங்க மாமா," என்றேன். "பனி காத்துப்பொட்டிக்குள்ள எறங்கி ஈரமாயிருது." சொல்லி முடித்ததும் எனக்கே அது நம்பும்படியாக இருந்தது. எனக்குப் புரியாத சாமான் அந்த வண்டியில் அது ஒன்றுதான், ஆகவே தப்பு அதில்தான் இருக்க வேண்டும்.

பொட்டோடு ஸ்பேனர் போடுவது எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மரியாதையில்லை. எனவே கும்பிட்டு, பொட்டைப் பெட்ரோல் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். (இந்த ஒரு வரியைப் படிக்கும்போது என் மைத்துனன் இன்றும் தரையில் உருண்டு சிரிக்கிறான்.) காற்றுப்பெட்டியைக் கழற்றி வெயிலில் காய வைத்து, மறுபடி மாட்டினேன். சாயங்காலம் வண்டி பட்டாக ஓடியது. என் பனிக் கொள்கை நிரூபணமாகிவிட்டது. அத்தையிடம் ஒரு கம்பளி வாங்கி, காற்றுப்பெட்டியைப் பிள்ளைபெற்றவளைப் போலப் போர்த்திவிட்டு ஊருக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை, சந்தனம், குங்குமம், சூடம். பட் பட்.

இனி விடுவதில்லை என்று துடைத்துக் கும்பிட்டு, காற்றுப்பெட்டியைக் கழற்றிச் சாக்குப்பையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். திருச்செங்கோட்டில் ரிக்கு வண்டிகளுக்குக் கம்ப்ரஸர் வேலை பார்க்கும் ஃபிட்டர் ஒருவர் எனக்குப் பழக்கம். மடியில் சாக்கை அணைத்தபடி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "சாவலுங்களா?" என்றார் கண்டக்டர். இல்லை, கார் சாமான் என்றேன். சத்தமே போடாத சேவல் என்று நினைத்திருப்பார், அவர் பார்வையில் அப்படித்தான் தெரிந்தது.

ஃபிட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையால் சுழற்றினார். காது வைத்துக் கேட்டார்.

"இதுல ஒரு கோளாறும் இல்லீங் இஞ்சினியர்."

"நல்லாப் பாருங்க. பொண்ணு வெசயம்," என்றேன்.

"பொண்ணு வெசயம்னாலும் இதுல கோளாறு இல்லீங்க."

அவருக்கு அனுபவம் போதாது என்று முடிவுகட்டிச் சேந்தமங்கலம் திரும்பினேன். மாட்டினேன். சாயங்காலம் பட்டாக ஓடியது. அன்று ஒரு கம்பளிக்கு இரண்டு கம்பளி போர்த்தினேன். வசந்தா திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்தபடி நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் உழைப்பைக் கண்டு மனம் உருகுகிறாள் என்று எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை. மாமா பட்டு வேட்டியில், அத்தை பட்டுச் சேலையில், மாமாவின் தம்பியும் அவர் மனைவியும் பழத்தட்டுகளோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வெண்ணந்தூரில் என் அப்பா பந்தி போட்டு வாழையிலையோடு காத்திருந்தார். எனக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது. சாமிக்கு நான் வைத்தது போதவில்லையோ என்று சந்தனத்தை மூன்று மடங்கு குழைத்தேன். மூடி முழுக்க அப்பினேன். ஒயர் இறங்கும் குழிகளிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

இந்த முறை பட் என்றுகூடச் சொல்லவில்லை.

மாமா மெதுவாகக் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். அந்தக் கால் தரையைத் தொட்டபோது எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. திருச்செங்கோட்டு ரிக்கு வண்டி என் கண் முன்னால் தடதடவென்று ஓடியது.

"அப்பா," என்றாள் வசந்தா வாசற்படியிலிருந்து. "எறங்காதீங்க. ஒரு நிமிசம்."

இறங்கி வந்தாள். என்னைப் பார்க்காமல் எஞ்சினைப் பார்த்துப் பேசினாள்.

"மூணு நாளாப் பாக்கறனுங்க. சாயங்காலம் நல்லா ஓடுது. காத்தாலயும் பொட்டு வெக்கற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்போல. பொட்டு வெச்சாத்தான் நின்னு போவுது."

சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் அந்த மூடியைத் துடைத்தாள். குழிகளிலெல்லாம் விரலை விட்டுத் துடைத்தாள். காயும்வரை வாயால் ஊதினாள். "இப்பப் போடுங்க," என்றாள்.

போட்டேன். பட்டாக ஓடியது.

ஈரச் சந்தனத்தின் வழியாகக் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் கண்ட இடத்துக்குப் போயிருக்கிறது. டீசலில் பிளக்கும் இல்லை, ஒயரும் இல்லை, உடம்பு முழுக்கச் சந்தனம் பூசினாலும் லாரி பழனிக்குப் போய்வரும். வண்டியை நான் செவ்வாய்க்கிழமையே சரிசெய்துவிட்டேன். மிச்ச நாட்களெல்லாம் என் பக்தியை எதிர்த்துத்தான் நான் போராடியிருக்கிறேன்.

மாமா காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினார். வெண்ணந்தூர் வரை அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டே வந்தன. எஞ்சின் நடுக்கம் என்று முதலில் பயந்துவிட்டேன். எங்கள் வீட்டில் இலை முன் உட்கார்ந்து, கையை நனைத்துக்கொண்டே என் அப்பாவிடம் சொன்னார்: "பையன் விடாப்புடியான பையனுங்க. எதப் புடிக்கோணும்னு சொல்லறதுக்குத்தான் ஆள் வேணும். அது எங்க ஊட்ல இருக்குது."

தை மாதம் கல்யாணம். தாலி கட்டியாயிற்று. குங்குமச் சிமிழை நீட்டி, "பொண்ணு நெத்தீல வெய்யுங் மாப்ள," என்றார்கள். விரலில் குங்குமத்தை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். சேந்தமங்கலத்து ஆட்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் விரலையே பார்க்கிறார்கள். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க இருமுகிறார்.

தலை குனிந்திருந்தவள் உதடு அசையாமல் சொன்னாள்: "பயப்படாம வெய்யுங்க. நானு டீசலுங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் நின்ற என் அக்காவுக்குக் காது கூர்மை. சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் கதை கடைசி வரிசை வரை போய்விட்டது. வசந்தா என்ற பெயரை அன்றைக்கு மணவறையில் விட்டவர்கள்தான், அதற்கப்புறம் எங்கள் உறவில் யாரும் எடுக்கவில்லை. இன்றைக்கும் வெண்ணந்தூரிலிருந்து வருகிற எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் உறை மேல் என் பெயருக்குக் கீழே 'டீசல் அத்தை' என்றுதான் எழுதியிருக்கிறது. தபால்காரர் சரியாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்.